வெயிலில் தடுமாறும் ஜெர்மானியம் ஃபஸ் ஃபேஸ்: டிரான்சிஸ்டரை மாற்றுவதா, பயாஸைத் திருத்துவதா?

கேள்வி
எழுதியவர்: கூடல்நகர், மதுரை

அனைவருக்கும் வணக்கம். ஓய்வு நேரத்தில் கிட்டார் பெடல்களைச் சொந்தமாகக் கட்டி வருகிறேன். அண்மையில் ஏசி128 என்ற ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள் இரண்டைக் கொண்டு, கிட்டார் ஒலியைக் கரகரப்பாகத் தடிக்கச் செய்யும், லண்டனில் ஆர்பிட்டர் நிறுவனம் 1966-இல் வெளியிட்ட ஃபஸ் ஃபேஸ் பெடலின் சர்க்யூட்டை வெரோ போர்டில் அமைத்தேன். மதிப்புகள் யாவும் மூலத்தில் உள்ளவையே: முதல் டிரான்சிஸ்டரின் கலெக்டரில் 33 கிலோ ஓம், பின்னூட்டத்துக்கு 100 கிலோ ஓம், ஃபஸ் பாட் 1 கிலோ ஓம், வால்யூம் 500 கிலோ ஓம், உள்ளீட்டில் 2.2 மைக்ரோ ஃபாரட், வெளியீட்டில் 0.01 மைக்ரோ ஃபாரட். ஒரே ஒரு மாற்றமாக, இரண்டாம் டிரான்சிஸ்டரின் கலெக்டரில் வரும் 8.2 கிலோ ஓம் ரெசிஸ்டரின் இடத்தில் 20 கிலோ ஓம் டிரிம்பாட் (திருப்பி மதிப்பை மாற்றத்தக்க சிறு ரெசிஸ்டர்) ஒன்றைப் பொருத்தியிருக்கிறேன். அதற்கு மேலே இருக்கும் 470 ஓம் அப்படியே இருக்கிறது.

காலையில் இந்தப் பெடல் தரும் ஒலியைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. கிட்டாரின் வால்யூமைச் சற்றே குறைத்தால் இரைச்சல் முழுவதும் வடிந்து, மணி போன்ற தெளிவான ஒலி கிடைக்கிறது. முழுவதும் திறந்தால் நோட் தடித்து நீண்டு நிற்கிறது. அந்த நேரத்தில் இரண்டாம் டிரான்சிஸ்டரின் கலெக்டரில் 4.5 வோல்ட் இருக்கும்படி டிரிம்பாட்டைத் திருப்பி, பயாஸை (சமிக்ஞை இல்லாதபோது டிரான்சிஸ்டர் நிற்கும் நிலையை) அமைத்து வைத்திருக்கிறேன். (பாசிட்டிவ் கிரவுண்ட் சர்க்யூட் என்பதால் மீட்டர் மைனஸ் காட்டும், அந்தக் குறியை விட்டுவிட்டுச் சொல்கிறேன்.) ஆனால் பிற்பகலில் அதே அறையில், எதையும் தொடாமலேயே, அந்த அளவு ஏறத்தாழ 7 வோல்ட்டுக்கு ஏறிவிடுகிறது. அப்போது நோட் அடங்கும் தறுவாயில் கரகரத்து, பட்டென்று அறுந்துவிடுகிறது. கிட்டார் வால்யூமைக் குறைத்தால் தெளிவான ஒலிக்குப் பதிலாக அநேகமாக ஒன்றுமே வருவதில்லை.

நான் வாசிக்கும் மெல்லிசைக் குழுவின் நிகழ்ச்சிகள் பெரும்பாலும் திறந்தவெளி மேடைகளில், வெயில் தாழும் முன்பே தொடங்கிவிடுகின்றன. ஆகவே இரண்டு கேள்விகள். ஜெர்மானியத்தைக் கைவிட்டுச் சிலிக்கானுக்கு மாறுவதுதான் ஒரே வழியா? அடுத்தது, மற்ற பெடல்களோடு சேர்த்து ஒரே அடாப்டரில் இதை இணைக்க முடியுமா? இப்போது 9 வோல்ட் பேட்டரியில் மட்டும் பயன்படுத்துகிறேன்.

---

மறுமொழி 1
எழுதியவர்: பழைய வானொலி, கோயம்புத்தூர்

நண்பருக்கு வணக்கம். அளவுகளைக் குறித்துக் கேட்டிருப்பதால் ஊகிக்க வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. உங்கள் பெடலில் பழுது எதுவும் இல்லை. முதல் டிரான்சிஸ்டரின் கசிவு மின்னோட்டம் வெப்பத்தில் பெருகுகிறது, அவ்வளவே.

பேஸுக்கு மின்னோட்டம் எதுவும் தராத நிலையிலும் ஜெர்மானியம் டிரான்சிஸ்டரில் கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையே சிறிது மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். வெப்பநிலை 8 முதல் 10 டிகிரி செல்சியஸ் உயரும்போதெல்லாம் இந்தக் கசிவு ஏறத்தாழ இரு மடங்காகும். காலையில் 28 டிகிரியாக இருக்கும் அறை பிற்பகலில் 40 டிகிரியைத் தொட்டால், கசிவு இரண்டரை மடங்குக்கு வந்துவிடும். இந்தச் சர்க்யூட் பிறந்த ஊரின் தட்பவெப்பத்தில் இது பெரிதாகத் தெரியாது. மதுரையில் தெரியாமல் இருக்க வழியில்லை.

இது எப்படி 7 வோல்ட்டாக வெளிப்படுகிறது என்பதைக் கணக்கோடு பார்த்துவிடுவது நல்லது, ஏனெனில் தீர்வும் அதற்குள்ளேயே இருக்கிறது. முதல் டிரான்சிஸ்டரின் கலெக்டருக்கு 33 கிலோ ஓம் வழியாகச் சுமார் 255 மைக்ரோ ஆம்பியர் மட்டுமே வருகிறது. இதன் பெரும்பகுதி கசிவாகவே ஓடினால், பேஸுக்குத் தேவைப்படும் மின்னோட்டம் அந்த அளவுக்குக் குறையும். அந்தப் பேஸ் மின்னோட்டமோ, இரண்டாம் டிரான்சிஸ்டரின் எமிட்டரிலிருந்து 100 கிலோ ஓம் வழியாக வருகிறது. அதாவது இரண்டாம் டிரான்சிஸ்டரின் எமிட்டர் வோல்ட்டேஜ் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை முதல் டிரான்சிஸ்டர்தான் முடிவு செய்கிறது. கசிவு கூடக்கூட அந்த எமிட்டர் வோல்ட்டேஜ் இறங்கும். அதனால் 1 கிலோ ஓம் ஃபஸ் பாட்டில் ஓடும் மின்னோட்டம் இறங்கும். கலெக்டர் வோல்ட்டேஜ் 9 வோல்ட்டை நோக்கி ஏறும். உங்கள் பெடலில் எமிட்டரை அளந்து பாருங்கள். காலையில் 0.35 வோல்ட்டை ஒட்டியும் பிற்பகலில் அதில் பாதியளவிலும் இருக்கும் என்பது என் கணிப்பு. அந்த நிலையில் இரண்டாம் டிரான்சிஸ்டர் ஏறக்குறைய மூடிக்கிடக்கிறது. பலமான சமிக்ஞை வந்தால்தான் திறக்கும். நோட் தேய்ந்ததும் மூடிக்கொள்ளும். நீங்கள் சொன்ன அந்த ‘பட்டென்று அறுவது’ இதுதான்.

இங்கே கவனிக்க வேண்டியது, இரண்டாம் டிரான்சிஸ்டரின் கசிவு இந்தச் சமநிலையை அவ்வளவாகக் கெடுப்பதில்லை என்பது. அதன் எமிட்டர் வோல்ட்டேஜைப் பின்னூட்டம் பிடித்து நிறுத்துகிறது. எனவே கசிவு மிகக் குறைந்த டிரான்சிஸ்டர் முதல் இடத்துக்கும், சற்றுக் கசிந்தாலும் கெயின் (மின்னோட்டத்தைப் பெருக்கும் அளவு) கூடியது இரண்டாம் இடத்துக்கும் போக வேண்டும். முதலாவதில் 70 முதல் 90 வரையிலும், இரண்டாவதில் 100 முதல் 130 வரையிலும் கெயின் இருந்தால் நல்ல இணை என்று பொதுவாகக் கொள்வார்கள்.

மல்டிமீட்டரில் உள்ள டிரான்சிஸ்டர் குழியில் செருகிப் பார்க்கும் கெயினை நம்ப வேண்டாம். அது கசிவையும் கெயினாக எண்ணிச் சேர்த்துக் காட்டும். இப்படி அளங்கள்: எமிட்டரை 9 வோல்ட் பேட்டரியின் பாசிட்டிவ் முனையில் இணையுங்கள். 2.2 கிலோ ஓமையும் 270 ஓமையும் தொடராகச் சேர்த்து 2.47 கிலோ ஓமாக்கி, அதன் வழியாகக் கலெக்டரை நெகட்டிவ் முனையில் இணையுங்கள். மீட்டரை அந்த 2.47 கிலோ ஓமின் இரு முனைகளிலும் வையுங்கள். பேஸை எதனோடும் சேர்க்காமல் முதலில் ஒரு அளவு எடுங்கள், இது கசிவு. அடுத்து பேஸிலிருந்து நெகட்டிவ் முனைக்கு 2.2 மெகா ஓம் வைத்து இன்னொரு அளவு எடுங்கள். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்து 100-ஆல் பெருக்கினால் உண்மையான கெயின். எடுத்துக்காட்டாக 1.05 வோல்ட்டிலிருந்து 0.22 வோல்ட்டைக் கழித்தால் 0.83, கெயின் 83. அந்த 0.22 வோல்ட் என்பது சுமார் 89 மைக்ரோ ஆம்பியர் கசிவு.

டிரான்சிஸ்டரை விரலால் பிடித்துச் செருகிய உடனே மீட்டரைப் பார்த்தால் எண் மெல்ல இறங்கிக்கொண்டே வருவதைக் காண்பீர்கள். விரலின் சூடு உலோக உறைக்குள் போய்விட்டது என்று பொருள். அந்த எண் ஓரிடத்தில் நிற்கும்வரை காத்திருந்து, பிறகே குறித்துக்கொள்ளுங்கள். காலையில் ஒரு முறையும் உச்சி வெயிலில் ஒரு முறையும் அளந்து, பிற்பகல் அளவைக் கொண்டே தேர்வு செய்யுங்கள். 25 டிகிரியில் 100 மைக்ரோ ஆம்பியருக்குள் இருந்தால் போதும் என்று பல இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது. நம் ஊர் மேடைக்கு, முதல் இடத்தில் வைப்பது அதில் பாதிக்கும் கீழே இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

கிடைக்கும் இடம் பற்றி ஒரு சொல். பெங்களூரின் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் ஏசி127, ஏசி128 போன்றவற்றை ஒரு காலத்தில் இங்கேயே தயாரித்தது. பழைய வானொலி பழுதுபார்க்கும் கடைகளின் இழுப்பறைகளில் இன்னும் சில கிடக்கக்கூடும். இணையத்தில் வாங்கினால் முதலில் மீட்டரின் டயோடு நிலையில் பேஸையும் எமிட்டரையும் அளந்துவிடுங்கள். ஜெர்மானியம் 0.3 வோல்ட்டுக்கும் கீழே காட்டும். 0.6 வோல்ட் காட்டினால், மேலே என்ன எழுதியிருந்தாலும் உள்ளே இருப்பது சிலிக்கான்.

---

மறுமொழி 2
எழுதியவர்: ஈயப்புகை, சென்னை

மேலே உள்ள விளக்கத்தை முழுவதும் ஏற்கிறேன். ஆனால் கேள்வி கேட்டவர் மேடையில் வாசிப்பவர் என்பதால் வேறொரு கோணத்தையும் முன்வைக்க விரும்புகிறேன்: சிலிக்கானை மாற்று ஏற்பாடாக மட்டும் பார்க்க வேண்டாம். ஃபஸ் ஃபேஸைத் தயாரித்தவர்களே, தொடக்கத்தில் பயன்படுத்திய என்கேடி275 போன்ற ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்களை விட்டு, 1960-களின் இறுதியில் பிசி108 போன்ற சிலிக்கான் டிரான்சிஸ்டர்களுக்குப் போனார்கள். ஜிமி ஹென்ட்ரிக்ஸ் இரு வகைகளையும் வாசித்தவர். சிலிக்கானின் ஒலி கூர்மையானது, கெயின் கூடியது, வெப்பத்தைப் பொருட்படுத்தாதது. கிட்டார் வால்யூமைக் குறைக்கும்போது ஜெர்மானியம் அளவுக்கு இதமாகத் தெளிவதில்லை என்பதை மறுக்க மாட்டேன்.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு. உங்கள் தேவைக்கு அதுவே மிகவும் ஏற்றது என்று நினைக்கிறேன். முதல் இடத்தில் மட்டும், ஏசி128 போலவே பி.என்.பி. வகையைச் சேர்ந்த சிலிக்கான் டிரான்சிஸ்டர் ஒன்றை, எடுத்துக்காட்டாக பிசி557 வகையில் கெயின் குறைந்த ஒன்றைத் தேடிப் பொருத்துங்கள். இரண்டாம் இடத்தில் உங்கள் ஏசி128 அப்படியே இருக்கட்டும். சமநிலையை முடிவு செய்வது முதல் டிரான்சிஸ்டர் என்று பழைய வானொலி ஐயா காட்டியிருக்கிறார் அல்லவா? அந்த இடத்தில் கசிவே இல்லாத ஒன்று உட்கார்ந்துவிட்டால், இரண்டாவது ஜெர்மானியமாக இருந்தாலும் பெடல் நிலைத்து நிற்கும். எமிட்டர் வோல்ட்டேஜ் 0.7 வோல்ட்டை ஒட்டி வரும். ஆகவே கலெக்டரில் 4.5 வோல்ட் கிடைக்க டிரிம்பாட்டும் 470 ஓமும் சேர்ந்து 6 கிலோ ஓம் அளவுக்கு இறங்க வேண்டியிருக்கும். 12 டிகிரி வெப்ப மாற்றத்துக்கு இந்த அமைப்பில் கலெக்டர் வோல்ட்டேஜ் 0.2 வோல்ட்கூட நகராது. கலவைப் பெடலின் ஒலியில் உச்சிகள் ஜெர்மானியத்தின் சாயலோடு மழுங்கியே இருக்கும். பலர் இதைத்தான் விரும்பிக் கட்டுகிறார்கள்.

கவனிக்க வேண்டியவை இரண்டு. பிசி557-இன் கால் வரிசை ஏசி128-இன் வரிசையிலிருந்து வேறுபட்டது. சாக்கெட்டில் செருகும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். சிலிக்கானின் கெயின் கூடுதலாக இருப்பதால் உள்ளூர் வானொலி நிலையம் பெடல் வழியாகப் பேசத் தொடங்கலாம். அதற்கு முதல் டிரான்சிஸ்டரின் பேஸுக்கும் கலெக்டருக்கும் இடையே 47 முதல் 100 பிகோ ஃபாரட் வரையிலான கெபாசிட்டர் ஒன்றைப் போட்டால் போதும்.

---

மறுமொழி 3
எழுதியவர்: தனி இணைப்பு, பெங்களூரு

அடாப்டர் பற்றிய கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். தயவுசெய்து இந்தப் பெடலை மற்றவற்றோடு, ஒரே அடாப்டரிலிருந்து பல பெடல்களுக்கு மின்சாரம் பிரிக்கும் சங்கிலிக் கேபிளில் இணைக்க வேண்டாம். உங்கள் சர்க்யூட்டில் பாசிட்டிவ் முனை கிரவுண்டில் இருக்கிறது. மற்ற பெடல்களில் நெகட்டிவ் முனை கிரவுண்டில் இருக்கிறது. கிட்டார் கேபிளின் வலை உறை எல்லாப் பெடல்களின் கிரவுண்டையும் ஒன்றாக்கிவிடுவதால், அடாப்டரின் இரு முனைகளும் நேராக முட்டிக்கொள்ளும்.

பேட்டரியே எளிய வழி. இந்தச் சர்க்யூட் ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவாகவே இழுப்பதால், பயன்படுத்தாதபோது உள்ளீட்டு கேபிளைக் கழற்றிவைத்தால் ஒரு பேட்டரி பல மாதம் வரும். ஒவ்வொரு வெளியீடும் தனித்தனியாகப் பிரிக்கப்பட்ட பவர் சப்ளை உங்களிடம் இருந்தால், அதில் ஒரு வெளியீட்டை முனை மாற்றி இதற்கு ஒதுக்கலாம். மூன்றாவதாக, டிசி1044எஸ் போன்ற சிறு ஐசி ஒன்றைப் பெடலுக்குள்ளேயே வைத்து 9 வோல்ட்டை மைனஸ் 9 வோல்ட்டாக மாற்றிக்கொள்ளலாம். அப்படிச் செய்தால் அதன் 1-ஆம் பின்னை 8-ஆம் பின்னோடு இணைக்க மறக்காதீர்கள். இல்லையேல் அதன் ஊசலாட்டம் 10 கிலோ ஹெர்ட்ஸில் இருக்கும், ஃபஸ் பெடல் அந்தக் கீச்சொலியையும் பெருக்கித் தரும். இணைத்தால் அது செவிக்கு எட்டாத அளவுக்கு மேலே போய்விடும். இந்த ஐசியின் உச்ச வரம்பு 12 வோல்ட்; ‘9 வோல்ட்’ என்று எழுதியிருந்தும் சுமை இல்லாதபோது 13, 14 வோல்ட் தரும் மலிவான அடாப்டர்கள் அதை உடனே எரித்துவிடும்.

பி.என்.பி. டிரான்சிஸ்டரை வைத்துக்கொண்டே நெகட்டிவ் கிரவுண்டாக வயரிங்கை மாற்றும் வரைபடங்களும் உண்டு. அவை சில பலகைகளில் அமைதியாக இருக்கும், சிலவற்றில் படகு மோட்டார் போல டப்டப்பென்று அடிக்கும். மேடைக்கு எடுத்துச் செல்லும் பெடலில் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

வரிசையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஃபஸ் ஃபேஸின் உள்ளீட்டு மின்மறுப்பு மிகவும் குறைவு; கிட்டார் பிக்கப்பும் அதன் வால்யூம் பாட்டும் இந்தச் சர்க்யூட்டின் பகுதியாகவே வேலை செய்கின்றன. உங்களுக்குப் பிடித்த அந்தத் தெளியும் ஒலி அதனால்தான் கிடைக்கிறது. முன்னால் பஃபர் (கிட்டாரைப் பெடலிலிருந்து பிரித்துச் சமிக்ஞையை மட்டும் கடத்தும் சர்க்யூட்) உள்ள ட்யூனரையோ வயர்லெஸ் ரிசீவரையோ வைத்தால் அது மறைந்துபோகும். எனவே கிட்டாருக்கு அடுத்ததாக இதுவே இருக்கட்டும்.

---

கேள்வி கேட்டவரின் பதில்
எழுதியவர்: கூடல்நகர், மதுரை

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. கைவசம் இருந்த ஏசி128-கள் அனைத்தையும் ஐயா சொன்ன முறையில் காலையிலும் பிற்பகலிலும் அளந்தேன். முதல் இடத்தில் இருந்ததன் கெயின் 83. பேஸ் இணைக்காத அளவு காலையில் 0.22 வோல்ட், பிற்பகலில் 0.55 வோல்ட். அதாவது பிற்பகலில் கசிவு மட்டுமே 220 மைக்ரோ ஆம்பியருக்கு மேல். 33 கிலோ ஓம் வழியாக வருவதில் மிகப் பெரிய பங்கை அதுவே விழுங்கியிருக்கிறது. எமிட்டரும் கணிப்பின்படியே 0.34, 0.16 என்று காட்டியது.

மற்றவற்றுள் கெயின் 78 கொண்ட ஒன்று காலையில் 0.08 வோல்ட்டும் பிற்பகலில் 0.20 வோல்ட்டும் மட்டுமே காட்டியதால், அதை முதல் இடத்துக்குக் கொண்டுவந்தேன். இப்போது காலையில் 4.5 வோல்ட்டில் நிறுத்தினால் பிற்பகலில் 5.4 வோல்ட் வருகிறது. நோட் அறுவது அறவே நின்றுவிட்டது. வால்யூமைக் குறைக்கும்போது தெளிவதும் பிற்பகலில் ஓரளவு திரும்பிவிட்டது. பிசி557 கலவையையும் சாக்கெட்டில் மாற்றிக் கேட்டேன். அது உறுதியாக நிற்கிறது, ஆனால் அந்த மணி ஒலியை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. கடும் கோடையில் நடக்கும் நிகழ்ச்சிகளுக்காக அந்தச் சிலிக்கானைப் பெட்டிக்குள் ஒரு சிறு உறையில் ஒட்டி வைத்திருக்கிறேன். அடாப்டர் யோசனையை விட்டுவிட்டேன், பேட்டரியே போதும்.

இன்னும் ஒன்று மட்டும் கேட்க வேண்டும். பெடலை அழுத்தும்போது ஒலியளவு கூடுவதற்குப் பதிலாக, பெடல் இல்லாத நிலையைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கிறது. வால்யூம் முழுவதும் திறந்தே இருக்கிறது.

---

மறுமொழி 4
எழுதியவர்: பழைய வானொலி, கோயம்புத்தூர்

அளவுகளைப் படிக்க மகிழ்ச்சியாக இருந்தது. இப்போது டிரிம்பாட்டை இன்னும் சிறிது கூட்டி, காலையில் 4 வோல்ட் வரும்படி நிறுத்துங்கள். பிற்பகலில் 5 வோல்ட்டை ஒட்டி வந்து நிற்கும். 4.5 வோல்ட் என்பது கண்டிப்பான எண் அல்ல. அந்த அளவுக்கு இருபுறமும் அரை வோல்ட்டுக்குள் இருக்கும்வரை காதுக்குப் பெரிய வேறுபாடு தெரியாது. மேடையிலேயே திருத்திக்கொள்ள விரும்பினால் டிரிம்பாட்டின் இடத்தில் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரையும் அதனோடு தொடராக 10 கிலோ ஓம் பாட் ஒன்றையும் வைத்து, அதன் தண்டைப் பெட்டிக்கு வெளியே கொண்டுவாருங்கள். இந்தப் பெடலில் செய்யத்தக்க மாற்றங்களுள் எனக்கு மிகவும் பிடித்தது அதுவே.

ஒலியளவுக்குக் காரணம் 470 ஓம். வெளியீடு கலெக்டரிலிருந்து எடுக்கப்படுவதில்லை. 470 ஓமும் டிரிம்பாட்டும் சேரும் புள்ளியிலிருந்து எடுக்கப்படுகிறது. உங்கள் பெடலில் இரண்டும் சேர்ந்து 11 கிலோ ஓமைத் தாண்டிவிட்டதால், கலெக்டரில் உள்ள சமிக்ஞையில் 4 விழுக்காடுதான் வெளியே வருகிறது. 470 ஓமை 1 கிலோ ஓமாக மாற்றினால் அது ஏறத்தாழ இரு மடங்காகும். மாற்றிய பிறகு, அங்கே கூடிய 530 ஓமை டிரிம்பாட்டில் குறைத்து, கலெக்டர் வோல்ட்டேஜை மறுபடியும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். தாழ்சுருதி ஒலி மெலிந்திருப்பதாகத் தோன்றினால் வெளியீட்டில் உள்ள 0.01 மைக்ரோ ஃபாரட்டை 0.047 ஆக்கலாம். ஆனால் இரண்டையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். ஒன்றை மாற்றி, குழுவோடு ஒரு முறை வாசித்துக் கேட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.